மதர்போர்டு கோஸ்டரா, டெலிபோன் ஒயர் கூடையா?

கிரகப்பிரவேசத்துக்கு என்ன வாங்கிப் போவது என்பது எங்கள் குடும்பத்தில் தீராத பிரச்சினை. சுவர்க்கடிகாரம் என்றால் நமக்கு முன்னால் நாலு பேர் கொடுத்திருப்பார்கள். பிள்ளையார் படம் என்றால் பூஜை அறையில் ஏற்கெனவே இடம் இருக்காது. கவரில் பணத்தைப் போட்டுக் கொடுத்துவிடலாம்தான். ஆனால் சொந்தத் தங்கை வீட்டுக்கு அப்படிச் செய்தால் அம்மா ஒரு வருஷத்துக்குச் சொல்லிக் காட்டுவார்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் ஹார்டுவேர் ஆள். கம்ப்யூட்டரின் முதன்மைச் சர்க்யூட் போர்டான மதர்போர்டையும் ஒயரையும் பழசானாலும் தூக்கிப் போட மனசு வராமல் அட்டைப்பெட்டியில் சேர்த்து வைக்கிறவர். அவருக்கு மின்கழிவில் கையால் செய்த வீட்டுப் பொருள் ஏதாவது கொடுத்தால் என்ன என்று தோன்றியது. செய்தவருக்கு நியாயமான கூலி போகும் 'ஃபேர் டிரேட்', அதாவது நியாய வணிகப் பொருளாக இருந்தால் இன்னும் நல்லது. பட்ஜெட் மூவாயிரம் ரூபாய். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் போனது.

நிபந்தனை மூன்று வைத்துக்கொண்டேன். பொருள் நிஜமாகவே கழிவிலிருந்து வந்திருக்க வேண்டும். செய்த கைக்குச் சரியான கூலி போயிருக்க வேண்டும். செய்தவர் உடம்பையும் வைத்திருப்பவர் உடம்பையும் அது கெடுக்கக் கூடாது. மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகும் என்று நம்பினேன். அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்தன, சொத்துப் பிரிக்கிற நாளில் இருப்பதுபோல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2022-இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அமைப்புகளின் கணக்கு. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவானது 22.3 சதவீதம். இந்த மலையை யாரும் டம்ளருக்கு அடியில் வைக்கும் கோஸ்டராக அறுத்துத் தீர்த்துவிட முடியாது. எனவே "இதை வாங்கினால் பூமி பிழைக்கும்" என்ற விளம்பர வரியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நல்ல பொருளா, நல்ல வேலையா என்று மட்டும் பார்த்தேன்.

முதலில் கண்ணில் பட்டது சர்க்யூட் போர்டு கோஸ்டர். டம்ளருக்கு அடியில் வைப்பதற்குச் சதுரமாக அறுத்து, ஓரம் தேய்த்து, அடியில் கார்க் ஒட்டியிருப்பார்கள். பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. பச்சை நிறத்துக்குள் செம்புக் கோடுகள் ஆற்றுப் படம் மாதிரி ஓடும். வளைகிற இடத்திலெல்லாம் சரியாக 45 டிகிரி. பொடிப்பொடித் துளைகள், தங்க நிறப் புள்ளிகள், 'சி14', 'ஆர்22' என்று வெள்ளை எழுத்து. எந்தக் கலைஞரும் அழகுக்காக வரையாத ஓவியம். மாப்பிள்ளை இதைப் பார்த்தால் காபியை மறந்துவிட்டு அந்தக் கோடு எங்கே போகிறது என்று தேடிக்கொண்டிருப்பார்.

அப்புறம்தான் கவனித்தேன், இதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, பாகம் எதுவும் பொருத்தாத வெறும் போர்டு. சர்க்யூட் போர்டு தயாரிக்கும் ஆலையில் அச்சு தவறியோ துளை தப்பியோ கழிந்தது. இன்னொன்று, நிஜமாகவே ஒரு கம்ப்யூட்டருக்குள் பத்து வருஷம் உழைத்துவிட்டு வந்த போர்டு. மேலே இருந்த பாகங்களைப் பிய்த்துவிட்டு அறுத்திருப்பார்கள். சில சமயம் பாகங்களோடு சேர்த்தே ரெசினில், அதாவது ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகும் பிசினில், தோய்த்து வைப்பதும் உண்டு.

எனக்கு இரண்டாவதுதான் 'அசல்' என்று பட்டது. கதை இருக்கிறதே! அந்த எண்ணத்தை மாற்றியவர் காயலான் கடைக்காரர் ஒருவர்.

எங்கள் பகுதியில் பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்து இருக்கும் கடை அது. இப்போது வாசலிலேயே சாக்குச் சாக்காகக் கம்ப்யூட்டர் உள்ளுறுப்புகள். தனியாகப் பிரித்து வைத்திருந்தார்: மதர்போர்டு ஒரு சாக்கு, ராம் என்ற நினைவகத் துண்டுகள் ஒரு டப்பா, மொபைல் போர்டு ஒரு டப்பா, பவர் சப்ளை தரையில் குவியலாக. "நாலு மதர்போர்டு வேணும்ணே, அறுத்து டம்ளருக்கு அடியில வைக்கிற தட்டு செய்யலாமான்னு பார்க்கிறேன்" என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"தட்டா? சார், இதுல செம்பு இருக்கு, ராம்ல தங்கம் இருக்கு. கிலோ கணக்குல வடக்கேருந்து வந்து தூக்கிட்டுப் போறான். நீங்க அறுத்து காபி டம்ளர் வைக்கப் போறீங்க."

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அவர் சொன்னது சரி. பாகங்கள் உள்ள போர்டு என்பது கழிவே இல்லை, தாது. பெல்ஜியத்தில் ஹோபோக்கன் என்ற இடத்தில் யூமிகோர் நிறுவனத்தின் உருக்காலை இருக்கிறது. இப்படிப்பட்ட சரக்கிலிருந்து 17 வகை உலோகங்களைப் பிரித்தெடுக்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின் பதக்கங்கள் எல்லாமே மின்கழிவில் செய்தவைதான். மக்கள் கொடுத்த சுமார் 62 லட்சம் கைபேசிகளும் 78,985 டன் சிறு கருவிகளும் சேர்ந்து 32 கிலோ தங்கம், 3,500 கிலோ வெள்ளி, 2,200 கிலோ வெண்கலம் கொடுத்தன. நல்ல மதர்போர்டை அறுத்து வார்னிஷ் அடித்து வைத்தால் அந்த உலோகம் நம் வீட்டு மேஜையில் முடங்கிவிடுகிறது. கோஸ்டர் உடைந்ததும் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். கார்க் ஒட்டிய துண்டைக் காயலான் கடையில்கூட எடுக்க மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம், அந்தப் பாகங்களை எப்படிப் பிய்க்கிறார்கள் என்பது. ஒவ்வொரு பாகத்தையும் பிடித்து வைத்திருப்பது சால்டர். பழைய போர்டுகளில் அது வெள்ளீயமும் காரீயமும் கலந்தது. 183 டிகிரியில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் புதுக் கருவிகளில் காரீயத்தைக் கட்டுப்படுத்தியது. நம் ஊரில் சாக்கில் கிடக்கும் போர்டுகளில் அதற்கு முந்தையவையும் நிறைய. முறையான ஆலையில் புகை உறிஞ்சும் கருவி வைத்துப் பிரிப்பார்கள். டெல்லி சீலம்பூரிலும் முராதாபாத்திலும் சந்துக்குள் நடக்கும் வேலை வேறு: தோசைக்கல் மாதிரி ஒரு தகட்டில் போர்டைச் சூடாக்கி, சால்டர் இளகியதும் இடுக்கியால் தட்டி உதிர்ப்பது. போர்டின் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்காமல் இருக்க புரோமின் சேர்மங்கள் கலந்திருக்கும்; சூட்டில் அந்தப் புகையும் சேர்ந்து வரும். பித்தளை வேலைக்குப் பேர்போன முராதாபாத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் எரித்த போர்டுகளின் கருஞ்சாம்பலைக் கழுவி உலோகம் எடுப்பது பல வருஷம் செய்தியாக வந்ததுதான்.

ஆக, "உங்கள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து மீட்டெடுத்தது" என்ற கதை எவ்வளவு உண்மையோ, அவ்வளவுக்கு யாரோ ஒருவர் அந்தப் புகைக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. ஆலையில் கழிந்த வெறும் போர்டில் பாகங்கள் இல்லை, பிய்க்க வேண்டியதும் இல்லை. கதை சப்பென்று இருக்கும், வேலை சுத்தம். அறுக்கும்போது வரும் தூள் மட்டும் கண்ணாடி இழை. மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. தண்ணீர் விட்டு அறுத்து, முகமூடி போட்டால் சமாளிக்கலாம். இந்த இடத்தில் என் முதல் நிபந்தனையும் மூன்றாவது நிபந்தனையும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

விற்பவர்கள் மூன்று பேருக்கு எழுதிக் கேட்டேன்: போர்டு எங்கிருந்து வருகிறது, பாகங்களை யார் கழற்றுகிறார்கள், எங்கே. ஒருவர் "எங்கள் பொருள் நூறு சதவீதம் சுற்றுச்சூழலுக்கு உகந்தது" என்று பதில் போட்டார். ஒருவர் பதிலே போடவில்லை. மூன்றாமவர் மட்டும், ஆலையில் கழிந்த வெறும் போர்டை எடை போட்டு வாங்குகிறோம் என்று எழுதி, பிரிக்காத கட்டு ஒன்றின் படத்தையும் அனுப்பினார். அவருடைய கோஸ்டர்தான் மூன்றிலும் சுமாரான அழகு. என் பட்டியலில் அது மட்டும் நின்றது.

சூடு தாங்குமா என்று கேட்பவர்களுக்கு: போர்டு தாங்கும். எஃப்ஆர்-4 எனப்படும் அந்தக் கண்ணாடி இழை அட்டை 130 டிகிரிக்கு மேல்தான் இளகத் தொடங்கும். ஃபில்டர் காபி டம்ளர் ஒன்றுமே இல்லை. பாகங்களை உள்ளே வைத்து ரெசின் ஊற்றிய வகைதான் தாங்காது. கைவினைக்கு விற்கும் எப்பாக்ஸி வகை ரெசின் பலவும் 50, 60 டிகிரியிலேயே லேசாக இளகும். நண்பர் வீட்டில் பார்த்தேன்: டபராவைத் தூக்கினால் கோஸ்டரும் கூடவே வருகிறது. ஆற விட்டுப் பிரித்தால் மேலே வட்டமாக ஒரு தடம். நம் காபி குடிக்கும் வீட்டுக்கு ரெசின் வகை வேண்டாம்.

போர்டில் செய்த சுவர்க்கடிகாரத்தை நான் பரிசீலிக்கவே இல்லை. காரணத்தை முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். கீபோர்டு பொத்தான்களை ஒட்டிய போட்டோ ஃபிரேம், ரெசிஸ்டர் கோத்த திரைச்சீலை எல்லாம்கூட இருக்கின்றன. தூசு துடைக்கப் போவது தங்கை என்பதால் அவற்றையும் விட்டேன்.

ஹார்டு டிஸ்க் தட்டில் செய்த கோஸ்டர் வேறு விஷயம். இதை வாங்கத் தேவையில்லை, நாமே செய்யலாம் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு பழைய டெஸ்க்டாப் டிஸ்க்கைத் திறந்து உட்கார்ந்தேன். மூடியில் நட்சத்திரத் தலை திருகுகள். என்னுடையவற்றுக்கு டி8 திருப்புளி சரியாக இருந்தது. எல்லாவற்றையும் கழற்றியும் மூடி வரவில்லை. ஸ்டிக்கருக்கு அடியில் ஒன்று ஒளிந்திருந்தது. உள்ளே இரண்டு காந்தம். அளவு பார்த்து ஏமாந்து விரலைக் கொடுத்தால் நசுக்கிவிடும். அதற்குப் பிறகு வருகிறது பாருங்கள், அந்தத் தட்டு. 95 மில்லிமீட்டர் அகலம், நடுவில் 25 மில்லிமீட்டர் ஓட்டை, முகம் பார்க்கலாம் அவ்வளவு பளபளப்பு. எவர்சில்வர் கடையில் எந்தத் தட்டுக்கும் அந்த மெருகு கிடையாது. இரண்டு டிஸ்க்கில் ஐந்து தட்டு கிடைத்தன.

மேஜையில் வைத்துக் குளிர்ந்த தண்ணீர் டம்ளரை மேலே வைத்தேன். டம்ளர் வியர்த்து, தண்ணீர் தட்டில் தேங்கி, நடு ஓட்டை வழியாக மேஜைக்கே இறங்கியது. கோஸ்டரின் ஒரே கடமையில் அது தோற்றது. அடியில் கார்க் ஒட்டி, ஓட்டையையும் கார்க் வட்டத்தால் அடைத்த பிறகு பரவாயில்லை. விரல் ரேகை மட்டும் போகவே போகாது. பழைய கணக்கு வழக்கு இருந்த டிஸ்க் என்றால் இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடுவது நல்லது. தேய்த்தால் கண்ணாடி மெருகு போய்விடும், அதையும் சொல்லிவிடுகிறேன். லேப்டாப் டிஸ்க்கை மட்டும் இப்படித் திறந்து விளையாட வேண்டாம். அதன் தட்டு பெரும்பாலும் கண்ணாடி; தட்டினால் ஊசி ஊசியாகச் சிதறும்.

செலவு கார்க்குக்கு மட்டும். சால்டர் இல்லை, புகை இல்லை, தட்டு அலுமினியம். அசல் கழிவு, அதுவும் என் வீட்டுக் கழிவு. ஆனால் என் இரண்டாவது நிபந்தனை இதில் காணாமல் போகிறது: கூலி வாங்க யாரும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, கையால் செய்ததைக் கொடுப்பதில் ஒரு பெருமை இருக்கிறது. என் கைவேலையைத் தங்கை வீட்டுக்கு வரும் சம்பந்தி வீட்டார் பார்ப்பார்கள் என்று நினைத்தபோது அந்தப் பெருமை கொஞ்சம் குறைந்தது.

அடுத்தது, நான் தேடிப் போகாமல் தானாக வந்தது. லண்டனில் இருக்கும் பெரியம்மா மகளிடம் இந்தப் புலம்பலைச் சொன்னபோது, "தம்பி, இங்க ஒரு கடையில டெலிபோன் ஒயர்ல பின்னின கிண்ணம் விக்குது, நம்ம ஒயர் கூடை மாதிரியே" என்று படம் அனுப்பினாள். அது நம்ம ஒயர் கூடை மாதிரி இல்லை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று நாம் போடும் முடிச்சுகள் பிளாஸ்டிக் ஒயரில். தூக்கிக்கொண்டு காய்கறி வாங்கப் போகும் கூடை. இது கைக்கு அடங்கும் கிண்ணம், உள்ளே செம்புக் கம்பி இருப்பதால் விறைப்பு. நடுவிலிருந்து சுழன்று சுழன்று விரியும் கோலம். சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை.

தென்னாப்பிரிக்காவில் குவாசுலு-நட்டால் மாகாணத்து சூலு மக்களின் வேலை இது. பெயர் இம்பெங்கே. பழைய நாளில் இலாலா என்ற பனை ஓலையிலும் புல்லிலும் பின்னி, மண்பானையில் இருக்கும் சோள பீருக்கு மூடியாகக் கவிழ்த்து வைத்தார்கள். நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்களுக்கு ஓலை ஏது? டர்பனில் இரவுக் காவலுக்கு இருந்தவர்கள் பொழுது போகக் கையிலிருக்கும் தடியின் மேல் டெலிபோன் ஒயரைச் சுற்றிப் பின்ன ஆரம்பித்தார்கள் என்பது அந்த ஊரில் சொல்லும் வரலாறு. டெலிபோன் கேபிளை உரித்தால் எந்த இணைப்பு எது என்று அடையாளம் தெரிய ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறம், சில கம்பிக்கு வேறு நிறத்தில் கோடு. பின்னுகிறவருக்குச் சாயமே தேவையில்லை. தடியிலிருந்து மூடிக்கும், மூடியிலிருந்து கிண்ணத்துக்கும் வந்து, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது.

நம் கையில் ஒயர் கிடைத்தபோது கூடை பின்னினோம், அவர்கள் கையில் கிடைத்தபோது கிண்ணம் பின்னினார்கள். டர்பன் என்றதும் நமக்கும் ஒரு கணக்கு உண்டு. சென்னையிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிப் போன 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று போய்ச் சேர்ந்தது அந்தத் துறைமுகத்தில்தான். சரி, கிண்ணத்துக்கு வருகிறேன்.

பின்னல் சுலபம் இல்லை. தடித்த கம்பி ஒன்றைச் சுருளாக வளைத்துக்கொண்டே போய், அதன் மேல் மெல்லிய வண்ணக் கம்பியை ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைக் கவ்வும்படி இறுக்குவது ஒரு முறை. உலோகக் கிண்ணத்தை அச்சாகக் கவிழ்த்து அதன் மேல் மெல்லிய கம்பிகளாலேயே பின்னிக்கொண்டு போவது இன்னொன்று. இரண்டாவது கைக்கு மெத்தென்று இருக்கும். கோலம் எண்ணிக்கையில் நிற்கிறது. ஒரு சுற்றில் ஒரு கம்பி தப்பினால் நாலு சுற்றுக்கு அப்புறம் நட்சத்திரம் கோணிக்கொள்ளும். சால்டர் கிடையாது, சூடு கிடையாது, புகை கிடையாது. விரல் நுனி காய்க்கும், அவ்வளவுதான்.

எல்லாம் சரி, இது கழிவா? அக்காவைக் கடையிலேயே கேட்கச் சொன்னேன். அவர்கள் மறைக்காமல் சொன்னார்கள்: முன்பு தொலைபேசித் துறை கழித்த கேபிள், இப்போது பெரும்பாலும் புதுக் கம்பி வாங்குகிறார்கள், கிடைக்கும்போது பழையதும் சேரும். யோசித்தால் இது நடக்க வேண்டியதுதான். கழிந்த கேபிளில் ஏற்றுமதி ஆர்டருக்குத் தேவையான ஆரஞ்சு நிறம் கிலோ கணக்கில் கிடைக்குமா? கைபேசி வந்த பிறகு வீட்டுக்கு வீடு கம்பி இழுப்பதும் குறைந்தது. கழிவு கிடைக்காவிட்டால் பின்னாதே என்று பின்னுகிறவரிடம் சொல்ல நாம் யார்? பழைய கேபிளின் பிவிசி உறையில் காரீயம் சேர்ப்பதும் ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. புதுக் கம்பி என்று கேட்டு ஏமாற்றமாக இருந்தாலும் அந்த ஒரு விஷயத்தில் நிம்மதி. எப்படியிருந்தாலும் முறுக்கையோ உரித்த பழத்தையோ நேராகக் கொட்டி வைக்கும் பாத்திரம் இல்லை இது. தோலோடு இருக்கும் ஆரஞ்சு, வாழைப்பழம் சரி.

கூலி பற்றிய கேள்விக்கு வருவோம். இங்கேதான் ஆள் ஏமாறுவது அதிகம். காபித்தூள் பாக்கெட்டில் நீலமும் பச்சையுமாக வட்டத்துக்குள் ஒரு ஆள் கையைத் தூக்கி நிற்பது போன்ற முத்திரை பார்த்திருப்பீர்கள். அது காபி, தேயிலை, வாழைப்பழம், பருத்தி மாதிரி விளைபொருள்களுக்கு ஃபேர்ட்ரேட் இண்டர்நேஷனல் தரும் சான்று. மதர்போர்டு கோஸ்டருக்கு அப்படி ஒரு முத்திரையே கிடையாது. கைவினைக்கு வேறு வழி: 1989-இல் தொடங்கி, இப்போது உலக நியாய வணிக அமைப்பு என்ற பெயரில் இருப்பது. அது பொருளைச் சோதிப்பதில்லை. அந்த நிறுவனம் மொத்தமும் பத்துக் கோட்பாடுகளின்படி நடக்கிறதா என்று பார்க்கிறது. இந்தியாவில் உறுப்பினர்களைச் சேர்த்து நடத்துவது ஃபேர் டிரேட் ஃபோரம் இந்தியா. ஆக, "இந்த கோஸ்டர் ஃபேர் டிரேட் சான்று பெற்றது" என்று யாராவது எழுதியிருந்தால், நிறுவனம் உறுப்பினரா என்று உறுப்பினர் பட்டியலில் தேடிப் பாருங்கள். பாதி பேர் அங்கேயே கழன்றுவிடுவார்கள்.

பத்தில் எனக்குப் பிடித்தது முன்பணம். கைவினை ஆர்டர் என்றால், கேட்கும் பட்சத்தில் குறைந்தது 50 சதவீதத்தை வட்டியில்லாமல் முதலிலேயே கொடுக்க வேண்டும். கைத்தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். சரக்கு வாங்கக் கந்துவட்டி, விற்ற பணம் மூன்று மாதம் கழித்து, அதற்குள் வட்டி லாபத்தைத் தின்றுவிடும். "நியாயமான விலை கொடுக்கிறோம்" என்று யாரும் சொல்லலாம். "பாதிப் பணம் முன்னால் கொடுக்கிறீர்களா" என்று கேட்டால் பதிலில் தடுமாற்றம் தெரியும். அந்த லண்டன் கடை தடுமாறவில்லை. பின்னும் குழு எது என்று சொன்னார்கள்; கிண்ணத்துக்கு எவ்வளவு என்று விலை பேசி பாதியை முன்னால் அனுப்புகிறோம் என்றார்கள். கோஸ்டர்காரரில் படம் அனுப்பியவர், மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறேன், சான்றெல்லாம் இல்லை என்றார். அதையும் நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் வேலை செய்யும் பட்டறைக்கு உறுப்பினர் கட்டணமும் தணிக்கையும் சின்ன விஷயம் இல்லை.

இடையில் ஒரு எச்சரிக்கை. நாம் தேடாமலே நம் அடுப்படிக்கு வந்துவிட்ட மின்கழிவுப் பொருளும் உண்டு: மலிவான கறுப்புப் பிளாஸ்டிக் கரண்டி. பழைய டிவி உறைகளை உருக்கிய பிளாஸ்டிக் அதில் கலக்கிறது என்ற சந்தேகம் நெடுநாளாக உண்டு. டிவி உறையில் இருக்க வேண்டிய தீத்தடுப்பு ரசாயனம் கறுப்புச் சமையல் கரண்டிகளில் இருப்பதை 2024-இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. வரம்பைக் கணக்கிட்டதில் பத்து மடங்கு தப்பு செய்து, பிறகு திருத்தினார்கள். ஆபத்து அவர்கள் முதலில் சொன்ன அளவுக்கு இல்லை. ஆனாலும் தோசை திருப்பும் கரண்டியில் அது எதற்கு? மரக் கரண்டி மலிவுதான். அதேபோல் பழைய டியூப் டிவியின் கண்ணாடியில் செய்த எதையும் வீட்டுக்குள் விடாதீர்கள். அதன் பின்பக்கப் புனல் கண்ணாடியில் 20 சதவீதத்துக்கு மேல் காரீய ஆக்சைடு.

இன்னொரு வழியும் மனதில் ஓடியது. மாப்பிள்ளையின் அட்டைப்பெட்டியை முறையான மறுசுழற்சியாளரிடம் சேர்த்துவிட்டு, பரிசாகப் பத்தமடைப் பாய் ஒன்று வாங்கிக் கொடுப்பது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சி செய்பவர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தளத்தில் பதிந்திருக்க வேண்டும், பட்டியலைப் பார்க்கலாம். கழிவுக்கு எது நல்லது என்று மட்டும் கேட்டால் இதற்குமேல் பதில் இல்லை, சந்தேகமே வேண்டாம். என்ன, மாப்பிள்ளையின் பொக்கிஷத்தைக் கிரகப்பிரவேசத்தன்று தூக்கிக்கொண்டு போகும் மச்சானாக நான் இருக்க வேண்டும். பேசிப் பார்த்தேன். பவர் சப்ளை நாலும் செத்த மானிட்டர் ஒன்றும் போனால் போகட்டும் என்றார். ராமைத் தொடக் கூடாதாம்.

கடைசியில் கிண்ணத்துக்கே வந்தேன். முதல் நிபந்தனையில் அதற்குப் பாதி மதிப்பெண்தான். மற்ற இரண்டிலும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இருந்தது. விலை பட்ஜெட்டைத் தாண்டியது, மிச்சத்தை அக்கா தன் பங்கு என்று சொல்லிவிட்டாள். அவள் ஊருக்கு வரும் தேதி ஒத்துவந்ததும் ஒரு காரணம், அதை மறைப்பானேன். தென்னாப்பிரிக்காவிலிருந்து நேராகத் தபாலில் வரவழைப்பதாக இருந்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து கணக்கே மாறியிருக்கும். அப்போது அந்த வெறும் போர்டு கோஸ்டர்தான். அலுவலக நண்பர்களுக்கு இப்போதும் அதைத்தான் சொல்கிறேன், கார்க் ஒட்டியதாகப் பார்த்து, ரெசின் இல்லாததாக. கையில் டி8 திருப்புளியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருப்பவர்கள் ஹார்டு டிஸ்க்கைத் திறக்கலாம். பரிசாக வேண்டாம், சொந்த உபயோகத்துக்கு. என் ஐந்து தட்டில் மூன்று இப்போது என் மேஜையில் இருக்கின்றன, ரேகை நிறைய.

விசேஷத்தன்று மாப்பிள்ளை கிண்ணத்தைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். விளிம்பில் மடித்து முடிந்த கம்பியை நகத்தால் நெம்பி, "இது 0.5 எம்எம் டெலிபோன் கேபிள் மாதிரியே இருக்கு மச்சான்" என்றார். பழையதா புதுசா என்று கேட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வெள்ளையில் நீலக் கோடு போட்ட இது மட்டும் பழைய கேபிளாக இருக்கலாம் என்றார். தங்கைக்கு அதில் அக்கறை இல்லை. ஹாலில் செருப்பு அலமாரி மேல் வைத்தாள். இப்போது அதில் வண்டிச் சாவியும் கரண்ட் பில்லும் கிடக்கின்றன. சுவர்க்கடிகாரம் ஐந்து வந்திருந்தது.